வண்டி லேட் ஆனால் சோறும் லேட் ஆகுமா?

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் மாதம் எல்லா வீட்டிலும் நடப்பது ஒன்றுதான். பாட்டு கேட்போம், சீட்டு விளையாடுவோம், டெஸ்க்டாப்பில் குழந்தை படத்தை மாற்றி மாற்றி வைப்போம். இரண்டாவது மாதம் ஒரு கேள்வி வரும். "இவ்வளவு பணம் கொடுத்து வாங்கினியே, இதுல உருப்படியா என்னப்பா செய்யலாம்?" எங்கள் வீட்டில் இப்படிக் கேட்டவர் என் அம்மா. அன்று "ரயில் டிக்கெட் எடுக்கலாம்மா" என்று பதில் சொன்னேன். பல வருடங்கள் கழித்து "ரயிலுக்குச் சாப்பாடும் சொல்லலாம்மா" என்று சொல்லி, அவரையே ஓர் இரவு பட்டினி போட்டேன். அந்தக் கதையைச் சொன்னால்தான் நான் சொல்ல வரும் கருத்து உங்களுக்குப் புரியும்.

அம்மாவுக்குச் சர்க்கரை. மாத்திரை போட்ட அரை மணிக்குள் சாப்பிட வேண்டும். இல்லையென்றால் வியர்த்து, கை நடுங்க ஆரம்பித்துவிடும். இரண்டு வருடங்களுக்கு முன் டில்லியில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினார். மதுரை வழியாகத் தெற்கே போகும் நீண்ட தூர வண்டி. இரண்டு இரவுகள் பயணம். தங்கை கட்டிக் கொடுத்த சப்பாத்தி முதல் நாளோடு சரி. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, மதுரையில் என் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன்.

நாக்பூருக்கு மதியம் தயிர் சாதம் ஆர்டர் செய்தேன். வந்தது. இருக்கைக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். அம்மா போன் செய்து, "என்னப்பா, யாரோ ஒரு பையன் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு சோறு தர்றான்" என்று ஆச்சரியப்பட்டார். எனக்குத் தலை கால் புரியவில்லை. உடனே இரவுச் சாப்பாட்டுக்கும் வழியில் ஒரு ஸ்டேஷனில் இட்லி சொன்னேன். வண்டி மூன்று மணி நேரம் தாமதம். அது அந்த ஸ்டேஷனைத் தொடும்போது ஹோட்டல் அடைத்துவிட்டார்கள். ஆர்டர் ரத்து என்ற எஸ்.எம்.எஸ். என் செல்போனுக்கு வந்தது. அப்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அம்மா மாத்திரையைப் போட்டுவிட்டு இட்லிக்காகக் காத்திருந்தார். எதிர் சீட்டில் இருந்த விருதுநகர் மாணவி கொடுத்த பிஸ்கட்டும் எலுமிச்சை சாதமும்தான் அன்று அவரைக் காப்பாற்றியது. பணம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் அன்றிரவு அவருக்குத் தேவைப்பட்டது பணம் இல்லையே.

இது என்ன வசதி, எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்ப்போம். ஐ.ஆர்.சி.டி.சி. என்ற பெயர் டிக்கெட் எடுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1999-ல் ரயில்வே தொடங்கிய நிறுவனம் இது. இன்டர்நெட் மூலம் டிக்கெட் தருவதை 2002 ஆகஸ்டில் ஆரம்பித்தது. அப்போது நெட்டில் பதிவு செய்தாலும் டிக்கெட் கூரியரில்தான் வீட்டுக்கு வரும். டவுன்ஹால் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பதிவு செய்துவிட்டு, மூன்று நாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. 2005-க்குப் பிறகுதான் நாமே பிரின்ட் எடுக்கும் இ-டிக்கெட் வந்தது. அதே நிறுவனம் 2014-ல் இ-கேட்டரிங் என்ற சேவையைத் தொடங்கியது. வண்டிக்குள் சமைப்பதை விட்டு, வண்டி நிற்கும் ஊரில் இருக்கும் ஹோட்டலில் சமைத்து, பெட்டிக்குக் கொண்டுவந்து தருவதுதான் இதன் அடிப்படை.

பிரவுசரைத் திறந்து இ-கேட்டரிங் தளத்திற்குச் செல்லுங்கள். கிடைக்கும் விண்டோவில் உங்கள் பி.என்.ஆர். எண்ணைக் கேட்கும். டிக்கெட்டில் உள்ள பத்து இலக்க எண் அது. பாசஞ்சர் நேம் ரெக்கார்ட் என்பதன் சுருக்கம். இதைத் தந்தவுடன், நீங்கள் எந்த வண்டி, எந்த நாள், எந்தப் பெட்டி, எந்த இருக்கை என்ற எல்லாத் தகவலையும் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். பின்னர் வழியில் எந்தெந்த ஸ்டேஷனில் உணவு கிடைக்கும் என்று பட்டியல் வரும். ஸ்டேஷனைக் கிளிக் செய்தால் ஹோட்டல்கள், ஹோட்டலைக் கிளிக் செய்தால் மெனு. பணத்தை அப்போதே கட்டலாம். அல்லது உணவு கைக்கு வந்த பிறகு கொடுக்கலாம் என்ற வழியும் உண்டு. கம்ப்யூட்டர் பக்கத்தில் இல்லாதவர்கள் 1323 என்ற எண்ணுக்கு போன் செய்தும் சொல்லலாம். 2023-ல் வாட்ஸ்அப் வழியாகவும் ஆர்டர் எடுக்க ஆரம்பித்தார்கள். அதே ஆண்டு சொமேட்டோவும், 2024-ல் ஸ்விக்கியும் சில ஸ்டேஷன்களில் இந்த வேலையில் சேர்ந்தன.

என் தவறு எங்கே நடந்தது? காலையிலேயே இரவுச் சாப்பாட்டுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன். அந்த வண்டி எங்கே ஓடுகிறது என்று பார்க்கவே இல்லை. ரயில்வேயின் என்.டி.இ.எஸ். தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால் இப்போது எந்த ஊரைத் தாண்டியிருக்கிறது, எவ்வளவு தாமதம் என்று காட்டும். அதைப் பார்த்தபின், இரண்டு மூன்று மணி நேரத்தில் வரப்போகும் பெரிய ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் நிற்கும் ஸ்டேஷனைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆர்டர் கொடுக்கும்போது பயணம் செய்பவரின் செல்போன் எண்ணையே தாருங்கள். நான் என் எண்ணைத் தந்ததால்தான் ரத்துச் செய்தி அம்மாவுக்குப் போகாமல் எனக்கு வந்தது.

ஆனால் எல்லாப் பழியையும் நான் ஏற்றுக்கொள்ளத் தயாராக இல்லை. வண்டி லேட் என்பது ரயில்வேயின் கம்ப்யூட்டருக்கு நிமிடத்துக்கு நிமிடம் தெரிகிறது. அப்படியிருக்க, ஹோட்டல் ஆர்டரை ரத்து செய்யும்போது, அடுத்த ஸ்டேஷனில் திறந்திருக்கும் ஹோட்டலுக்கு அதைத் தள்ளிவிடலாமா என்று ஒரு டயலாக் பாக்ஸ் காட்ட முடியாதா? வண்டி எங்கே என்ற தகவலும், எந்தக் கடை திறந்திருக்கிறது என்ற தகவலும் ஏற்கெனவே இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. சாப்பாட்டுக் கடைக்கு ஆர்டர் ரத்து என்பது ஒரு வரி கணக்கு. ஓடும் வண்டியில் இருப்பவருக்கு அடுத்த கடைக்கு நடந்து போக வழி கிடையாது.

"இதெல்லாம் எதற்கு, வண்டியிலேயே சமைத்துத் தரலாமே" என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கும் பேன்ட்ரி கார் மீது பாசம் உண்டு. வைகை எக்ஸ்பிரஸ் 1977 ஆகஸ்ட் 15 அன்று மீட்டர் கேஜ் பாதையில் ஓடத் தொடங்கியது. சின்ன வயதில் அதில் சென்னைக்குப் போவதே சாப்பாட்டுக்காகத்தான். திண்டுக்கல் தாண்டியதும் வடை வாசனை பெட்டிக்குப் பெட்டி வரும். அப்பா ஒரு காபி வாங்கி, டபராவில் எனக்குப் பாதி ஊற்றித் தருவார். அந்த ருசியை எந்த வெப்சைட்டும் தராது. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் 2017 ஜூலையில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையைப் படித்துப் பாருங்கள். 74 ஸ்டேஷன்களிலும் 80 வண்டிகளிலும் போய்ப் பார்த்து எழுதியது. குழாய்த் தண்ணீரை அப்படியே பானங்களில் கலந்தது, குப்பைத் தொட்டிகளை மூடாமல் வைத்தது, உணவை ஈயும் தூசியும் படும்படி திறந்து போட்டது, வண்டிகளில் எலியும் கரப்பானும் திரிந்தது, வாங்கியதற்கு பில் கொடுக்காதது என்று வரிசையாக இருக்கிறது. மனிதர் உண்ணத் தகுதியற்ற பொருட்கள் என்ற வார்த்தையையே அந்த அறிக்கை பயன்படுத்தியது. அதே ஆண்டு பிப்ரவரியில் வந்த புதிய கேட்டரிங் கொள்கையில், சமைப்பது வேறு, பரிமாறுவது வேறு என்று ரயில்வே பிரித்தது. தரையில் இருக்கும் பெரிய சமையற்கூடங்களில் சமைத்து வண்டியில் ஏற்றுவது என்று முடிவானது. அந்தக் கூடங்களில் கேமரா வைத்தார்கள். பாக்கெட்டுகளில் க்யூ.ஆர். கோடு ஒட்டுகிறார்கள். செல்போனில் ஸ்கேன் செய்தால் எந்தச் சமையற்கூடம், எப்போது பேக் செய்தது என்று தெரியும். அடுத்த முறை பாக்கெட்டைப் பிரிக்கும் முன் ஸ்கேன் செய்து பாருங்கள். அதில் வரும் நேரத்தையும் உங்கள் கைக்கடிகாரத்தையும் ஒப்பிட்டாலே போதும்.

நெருப்பு விஷயம் ஒன்றும் இருக்கிறது. மதுரைக்காரனாக இதைச் சொல்லாமல் போக முடியாது. 2023 ஆகஸ்ட் 26, அதிகாலை 5.15 மணி. லக்னோவிலிருந்து 17-ம் தேதி யாத்திரை புறப்பட்டு வந்தவர்களின் தனிப்பெட்டி ஒன்று, புனலூர் - மதுரை எக்ஸ்பிரஸில் இணைந்து வந்து, கழற்றப்பட்டு மதுரை யார்டில் நின்றுகொண்டிருந்தது. உள்ளே விதியை மீறிக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டர் இருந்தது. தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். ராமேஸ்வரம் போவதற்காகக் கிளம்பி வந்தவர்கள், எங்கள் ஊர் தண்டவாளத்தில் கருகினார்கள். அன்று காலை டி.வி.யில் பார்த்த அந்தக் கரிய ஜன்னல்கள் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

கம்ப்யூட்டர் உபயோகிப்பவர்கள் இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இப்படி முழுப் பெட்டியைச் சுற்றுலாவுக்கு எடுப்பதை ஐ.ஆர்.சி.டி.சி. தளத்திலேயே யாரும் பதிவு செய்யலாம். எரியக்கூடிய பொருள் எதையும் ஏற்றக்கூடாது என்பது நிபந்தனை. 1989-ம் வருட ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவில் இதற்கு மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. நாம் என்ன செய்கிறோம்? நிபந்தனைகள் என்று நீளமாக வரும் விண்டோவை ஸ்க்ரோல்கூடச் செய்யாமல், "ஒப்புக்கொள்கிறேன்" என்ற கட்டத்தில் டிக் அடித்து அடுத்த பக்கத்துக்குப் போகிறோம். சாஃப்ட்வேர் இன்ஸ்டால் செய்யும்போது வந்த பழக்கம் இது. அந்தப் பெட்டியில் யார் படித்தார்கள், யார் படிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் வடக்கேயிருந்து பத்து நாள் யாத்திரை வரும் வயதானவர்கள் தங்கள் ஊர் ரொட்டியையும் டீயையும் தேடத்தான் செய்வார்கள். நம் அம்மா டில்லி வண்டியில் இட்லி தேடவில்லையா? அது வழியில் ஒழுங்காகக் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வர யாருக்கும் தேவை வராது. அதனால்தான் ஸ்டேஷனில் சமைத்து வண்டிக்கு வரும் உணவின் பக்கம் நான் நிற்கிறேன். பழைய பேன்ட்ரி கார்களின் கேஸ் அடுப்புக்குப் பதில் எல்.எச்.பி. வகைப் பெட்டிகளில் தீயில்லாத மின்சாரச் சமையல் வருவதும் நல்லதே.

சரி, விலை. ரயில்வே நிர்ணயித்த சாதாரண சைவச் சாப்பாடு ஸ்டேஷனில் 70 ரூபாய், வண்டியில் 80 ரூபாய். சாதம் 150 கிராம், பருப்பு அல்லது சாம்பார் 150 கிராம், தயிர் 80 கிராம், பராத்தா அல்லது ரொட்டி 100 கிராம், காய் 100 கிராம், ஊறுகாய் 12 கிராம் என்று அளவு உண்டு. ரயில் நீர் ஒரு லிட்டர் 15 ரூபாயாக இருந்தது, 2025 செப்டம்பரில் 14 ஆனது. இந்த வரியை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். கூடுதலாகக் கேட்டால் பில் கேளுங்கள். பில் தராவிட்டால் பணம் தரவேண்டியதில்லை என்பது ரயில்வேயே அறிவித்த விதி. 139-க்கு போன் செய்தோ ரயில்மதத் தளத்திலோ புகார் பதியலாம். இ-கேட்டரிங்கில் வரும் ஹோட்டல் உணவுக்கு இந்த விலை பொருந்தாது. அது அந்த ஹோட்டலின் மெனு விலை.

சென்னை - மதுரை தேஜஸ், மதுரை - பெங்களூரு வந்தே பாரத் போன்ற வண்டிகளில் டிக்கெட் பதிவு செய்யும்போதே உணவு வேண்டுமா என்று ஒரு கட்டம் வரும். அவசரத்தில் பலர் அதைப் பார்ப்பதில்லை. வேண்டாம் என்று கொடுத்துவிட்டு வண்டியில் ஏறிய பின் சாப்பாடு கேட்டால், விலையோடு 50 ரூபாய் சேவைக் கட்டணம் சேரும் என்று 2022-ல் உத்தரவு வந்தது. டீ, காபிக்கு அந்தக் கூடுதல் கிடையாது.

இப்போது என் மனதில் உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வசதி எல்லாம் பி.என்.ஆர். எண்ணில் ஆரம்பிக்கிறது. பி.என்.ஆர். இல்லாதவர்? முன்பதிவில்லாப் பெட்டியில் நிற்கவும் இடமில்லாமல் போகிறாரே, அவருக்குப் பத்து இலக்க எண் கிடையாது. அவர் டிக்கெட்டைக் கம்ப்யூட்டர் சாப்பாட்டுக் கடைக்கு அறிமுகம் செய்வதே இல்லை. மதுரை ஜங்ஷனில் வடக்கே போகும் வண்டிகளைப் பாருங்கள். இங்கே வேலைக்கு வந்து ஊர் திரும்பும் வடமாநிலத் தொழிலாளர்கள் முன்பெட்டியில் அடைந்து கிடப்பார்கள். இறங்கினால் இடம் போய்விடும். அவர்களால் பிளாட்பாரத்துக்கே வர முடியாது. 2023-ல் ரயில்வே முன்பதிவில்லாப் பெட்டிகள் நிற்கும் இடத்துக்கு எதிரே 20 ரூபாய்க்கு ஏழு பூரி, உருளைக்கிழங்கு, ஊறுகாய் தரும் கடைகளைத் தொடங்கியது. நல்ல காரியம். தமிழ்நாட்டுப் பயணிக்கு அதில் எலுமிச்சை சாதமோ தயிர் சாதமோ இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் எத்தனையோ ஸ்டேஷன்களில் அது இல்லை. முன்பதிவில்லா டிக்கெட்டையும் இப்போது செல்போனிலேயே எடுக்கிறோம். 2025 ஜூலையில் வந்த ரயில்ஒன் ஆப் முன்பதிவு, முன்பதிவில்லா டிக்கெட், உணவு என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொண்டுவந்தது. அந்த டிக்கெட்டிலும் ஓர் எண் இருக்கிறது. அந்த எண்ணை வைத்து, "முன்பக்கப் பொதுப்பெட்டி, ஜன்னல் ஓரம் கொடுக்கவும்" என்று ஆர்டர் எடுப்பதில் தொழில்நுட்பச் சிக்கல் எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் செய்யவில்லை.

கூடை சுமப்பவர்களும் இதில் இல்லை. மணப்பாறையில் வண்டி நின்றால் முறுக்கு, சாத்தூரில் வெள்ளரிக்காயும் சேவும், கோவில்பட்டியில் கடலை மிட்டாய். கடலை மிட்டாய்க்கு 2020-லும் மணப்பாறை முறுக்குக்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைத்த பொருள் இன்டர்நெட்டில் கிடைக்கிறது. அதை ஜன்னலுக்கு ஜன்னல் ஓடி விற்றவர்தான் எந்தப் பட்டியலிலும் இல்லை. வண்டிகள் வேகமாகிவிட்டன, நிற்கும் நேரம் குறைந்துவிட்டது, ஏ.சி. பெட்டிக்கு ஜன்னலும் திறக்காது. மெனுவில் பெரிய ஹோட்டல் பெயரோடு "மணப்பாறை ஸ்டேஷன் முறுக்கு, ஒரு பாக்கெட்" என்று ஒரு வரி சேர்த்தால் என்ன கெட்டுவிடும்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தேடுபொறியில் ரயில் உணவு என்று டைப் செய்தால் ஏகப்பட்ட தளங்கள் வரும். முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். அட்ரஸ் பாரில் முகவரி ஐ.ஆர்.சி.டி.சி. டாட் கோ டாட் இன் என்று முடிகிறதா என எழுத்து எழுத்தாகப் பாருங்கள். நடுவில் ஒரு கோடோ கூடுதல் எழுத்தோ இருந்தால் விண்டோவை மூடிவிடுங்கள். பூட்டுப் படம் இருப்பதால் மட்டும் நம்பிவிடாதீர்கள், போலித் தளத்திலும் அது இருக்கும். ஐ.ஆர்.சி.டி.சி. அனுமதி பெற்ற வேறு நிறுவனங்களும் உண்டு. ஆனால் பழகும் வரை நேரடித் தளமே போதும். ரீபண்ட் தருகிறோம் என்று யாராவது போன் செய்து ஓ.டி.பி. கேட்டால் சொல்லாதீர்கள். டிக்கெட்டைப் போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அதில் உள்ள பி.என்.ஆர். எண் போதும், உங்கள் பயண விவரம் தெரிந்துவிடும், வீடு எத்தனை நாள் பூட்டியிருக்கும் என்பதும் சேர்த்துத்தான்.

அடுத்த மாதம் அம்மா மறுபடி டில்லிக்குக் கிளம்புகிறார். இந்த முறை மூன்று ஸ்டேஷன்களைக் குறித்துவைத்திருக்கிறேன், அவர் செல்போன் எண்ணையே கொடுக்கப்போகிறேன், இரவில் விழித்திருந்து வண்டியைப் பார்க்கப்போகிறேன் என்றெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிப்பா. புளியோதரையை நானே கட்டிக்கிறேன். நீ அந்தக் கம்ப்யூட்டர்ல தயிர் மட்டும் சொல்லிரு" என்றார்.